கேட் தேர்வுக்குத் தயாராக: வகுப்பா, இணையவழியா, தனியாகவா?

கடந்த மே மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து என் சித்தி மகன் அழைத்தான். பி.காம். கடைசிப் பரீட்சை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "அக்கா, இன்று இரவு பன்னிரண்டு மணிக்குள் பணம் கட்டினால் கட்டணத்தில் கால் பங்கு குறைக்கிறார்களாம். கட்டிவிடட்டுமா?" என்றான். திருச்சியில் ஒரு கோச்சிங் சென்டர். கேட் (CAT) தேர்வுக்கு, அதாவது ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி. சனி, ஞாயிறு வகுப்பு. சித்தப்பா அதற்குள் கூட்டுறவு வங்கியில் நகையை வைத்துப் பணம் புரட்டிவிட்டிருந்தார். "கட்டாதே. ஞாயிற்றுக்கிழமை வரை பொறு. பேசி முடிவு செய்வோம்" என்றேன்.

நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் என்பதால் எனக்கு அந்த மூன்று நாளும் வேறு நினைவில்லை. நான் இரண்டு முறை கேட் எழுதியவள். முதல் முறை கல்லூரிக் கடைசி ஆண்டில், சென்னையில் நேரடி வகுப்புக்குப் போய் எழுதினேன். இரண்டாம் முறை வேலையில் இருந்துகொண்டே, எந்த வகுப்பிலும் சேராமல் எழுதினேன். என்னோடு விடுதி அறையில் இருந்த தோழி வேலையை விட்டுவிட்டு, இணையவழி வகுப்பில் சேர்ந்து படித்தாள். மூன்று வழிகளையும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டதால், அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எதில் சேரலாம் என்று கேட்பதற்கு முன்னால், இந்தத் தேர்வு எதை அளக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். கேட் தேர்வு 2019 வரை மூன்று மணி நேரமாக இருந்தது. 2020 முதல் இரண்டு மணி நேரம். மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பிரிவை முன்னதாக முடித்தாலும் அடுத்ததற்குத் தாவ முடியாது. நேரம் முடிந்துவிட்டால் திரும்பி வரவும் முடியாது. 2024 நவம்பரில் கல்கத்தா ஐஐஎம் நடத்திய தேர்வில் 68 கேள்விகள் இருந்தன. ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும் 24, தரவு விளக்கமும் தர்க்கமும் 22, கணிதம் 22. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று கழியும். விடையை நாமே தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளுக்கு மட்டும் நெகட்டிவ் மார்க் கிடையாது.

அந்த ஆண்டு சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். 99 பெர்சன்டைல் என்றால் அவர்களில் முதல் 2,930 பேருக்குள் ஒருவராக வர வேண்டும். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியைக்கூட எட்டாதவர்கள் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள். எதைப் போடுவது, எதை விடுவது என்பதில்தான் இந்தத் தேர்வின் உயிர் இருக்கிறது. கணிதப் பிரிவையே எடுத்துக்கொள்வோம். தவறுவது எல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்விகள் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் 16 கேள்விகளைத் தொட்டு, 9 சரி, 7 தவறு என்று வந்தால், 27-இல் 7 போக 20. இன்னொருவர் பத்தே கேள்விகளைத் தொட்டு, 8 சரி, 2 தவறு என்றால், 24-இல் 2 போக 22. ஆறு கேள்வி குறைவாகப் போட்டவர் முன்னால் நிற்கிறார். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் "ஒன்றையும் விடாதே, தெரிந்தவரை எழுதிவை" என்று பழக்கப்பட்ட கை நம்முடையது. அந்தப் பழக்கம் போவதற்கே மாதக்கணக்கில் ஆகிறது.

ஆக, தேர்வுக்குத் தயாராவது என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று வேலைகள் இருக்கின்றன: கணிதத்தின் அடிப்படையைச் செப்பனிடுவது, ஆங்கிலத்தில் கனமான கட்டுரைகளைப் படித்துப் பழகுவது, நாற்பது நிமிடத்துக்குள் கேள்விகளைத் தேர்ந்தெடுக்கக் கற்பது. முதலாவதை ஒரு நல்ல ஆசிரியர் சொல்லித்தர முடியும். இரண்டாவதை யாரும் ஆறு மாதத்தில் ஊட்டிவிட முடியாது. மூன்றாவது மாதிரித் தேர்வு எழுதி, அதை உட்கார்ந்து அலசினால் மட்டுமே வரும். எந்த வழியில் போனால் இந்த அலசலுக்கு அதிக நேரம் மிஞ்சும் என்பதுதான் என்னுடைய அளவுகோல்.

நேரடி வகுப்பு

வகுப்பில் எனக்குக் கிடைத்த நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கணிதம் எடுத்தவர் அருமையான ஆசிரியர். வேலையும் நேரமும் பற்றிய கணக்குகளை நான் பள்ளியில் பின்னங்களைப் போட்டுக் குழம்பியே செய்துவந்தேன். ஒருவர் ஒரு வேலையை 12 நாளிலும் இன்னொருவர் 18 நாளிலும் முடிப்பார்கள் என்றால், ஒன்றின் கீழ் பன்னிரண்டு, ஒன்றின் கீழ் பதினெட்டு என்று எழுதிக் கூட்டிக்கொண்டிருப்பேன். அவர் பலகையில் '36' என்று மட்டும் எழுதினார். "மொத்த வேலை 36 செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் நாளைக்கு மூன்று செங்கல், அடுத்த ஆள் இரண்டு. சேர்ந்தால் ஐந்து. 36-ஐ ஐந்தால் வகுத்தால் 7.2 நாள். முடிந்தது" என்றார். இருபது விநாடி. அன்று இரவு அந்தப் பாடத்தின் முப்பது கணக்குகளையும் ஒரே மூச்சில் போட்டேன். கணிதத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்ட கலை, வணிகவியல் மாணவர்களுக்கு இப்படிப்பட்ட ஓர் ஆசிரியர் கிடைத்தால், வகுப்புக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

ஆனால் அந்த ஆசிரியர் ஆகஸ்டில் வேறு இடம் போய்விட்டார். அடுத்து வந்தவர் பாடப்புத்தகத்தைப் பார்த்துப் பலகையில் எழுதினார். கட்டிய பணம் திரும்பாது. அறுபது பேர் உட்கார்ந்திருந்த அறையில் சந்தேகம் கேட்பதற்கு வகுப்பு முடிந்த பிறகு வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் எனக்கு ரயில் போய்விடும். தாம்பரத்தைத் தாண்டி இருந்த கல்லூரி விடுதியிலிருந்து பஸ் பிடித்து, மின்சார ரயிலில் மாம்பலம் வந்து, நடந்து போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம் ஆகும். வாரத்துக்கு ஆறு மணி நேர வகுப்புக்கு ஐந்து மணி நேரப் பயணம். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் படிப்பேன்; பெரும்பாலும் கிடைக்காது.

இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. நவம்பர் முதல் வாரம் வரை வகுப்பில் வடிவியல் தேற்றங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாடத்திட்டத்தை முடித்துவிட்டு மாதிரித் தேர்வுக்குப் போகலாம் என்று நானும் தள்ளிப்போட்டேன். தேர்வு நாளுக்கு முன் ஆறே ஆறு மாதிரித் தேர்வுகள்தான் எழுதியிருந்தேன். அவற்றிலும் மதிப்பெண்ணைப் பார்த்து மூடிவைத்ததே அதிகம். முடிவு வந்தபோது கணிதத்தில் 93 பெர்சன்டைல், வாசிப்பில் 71. ஐஐஎம்கள் மொத்தத்துக்கு மட்டுமல்லாமல் ஒவ்வொரு பிரிவுக்கும் கட்-ஆஃப் வைப்பதால், அந்த 71 என் விண்ணப்பங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

வகுப்பில் சேருபவர்களுக்கு இரண்டு யோசனைகள். பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு முழு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். விளக்கக் கூட்டத்தில் பேசுபவரும் வகுப்பெடுப்பவரும் ஒருவரேதானா என்று கேளுங்கள். அடுத்தது, எந்த மாதத்தோடு பாடம் முடிகிறது என்று கேளுங்கள். ஆகஸ்ட் இறுதிக்குள் முடிக்காத வகுப்பு, தேர்வுக்குத் தேவையான நேரத்தைத் தானே தின்றுவிடும். வகுப்பு நேரத்தைப் படிப்பு நேரமாகக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்டதைக் கையில் கொண்டுவர வீட்டில் இரண்டு மணி நேரம் தேவை.

இணையவழி

இதில் நேரலை வகுப்பு, பதிவு செய்த காணொளி என்று இரண்டு உண்டு. கட்டணம் நேரடி வகுப்பைவிடக் குறைவு. பயணம் கிடையாது. தேனியிலோ நாகர்கோவிலிலோ வீட்டில் இருந்தபடியே நாட்டின் நல்ல ஆசிரியர்களிடம் பாடம் கேட்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு வாய்ப்பு குறைவு. யூடியூபில் இலவசமாகவே முந்தைய ஆண்டு வினாத்தாள்களைக் கேள்வி கேள்வியாக விளக்குபவர்கள் இருக்கிறார்கள். தெரிந்த பாடத்தை வேகமாக ஓட்டலாம்; புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்கலாம்.

என் தோழி சேர்ந்தது காணொளி வகுப்பில். ஒரு நாளைக்கு நான்கைந்து காணொளிகள் பார்ப்பாள். ஆசிரியர் கணக்கை முடிக்கும்போது "ஆமாம், எனக்கும் இப்படித்தான் தோன்றியது" என்பாள். ஆனால் அதே வகைக் கணக்கை வெள்ளைத் தாளில் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவாள். பார்ப்பதும் போடுவதும் ஒன்றல்ல என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. காணொளி அடுத்ததற்குத் தானாக ஓடிவிடுகிறது. நிறுத்துவதற்கு மன உறுதி வேண்டும். பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கேள்வி திரையில் வந்ததும் நிறுத்த வேண்டும். கைபேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஐந்து நிமிடம் தானே முயல வேண்டும். பாதி வந்தாலும் வராவிட்டாலும் எழுதியதைப் பார்த்த பிறகுதான் ஆசிரியரின் விடை. இப்படிச் செய்தால் ஒரு மணி நேரக் காணொளிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். அதுதான் உண்மையான கணக்கு.

டெலிகிராம் குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேள்விகள், பி.டி.எஃப்.கள், யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற படங்கள் என்று நாள் முழுவதும் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒருவருடைய மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அன்றைய படிப்பையே விட்ட இரவுகள் எங்களுக்கு உண்டு. படிப்புக்குத் துணையாக இரண்டு பேர், மூன்று பேர் போதும். அவர்களும் நேரில் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது.

தனியாகப் படிப்பது

இரண்டாம் முறை நான் எடுத்த வழி இது. செலவு என்று பார்த்தால் ஒரு மாதிரித் தேர்வுத் தொகுப்பு, தேர்வுக் கட்டணம், கோடு போட்ட நான்கு நோட்டுகள். கணித அடிப்படைக்குத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களை எடுத்துக்கொண்டேன்; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேட் கணிதத்தில் விகிதம், சதவீதம், லாப நட்டம், வேகம், சமன்பாடுகள் என்று எண்கணிதமும் இயற்கணிதமுமே பாதிக்கு மேல் இருக்கும்; அதற்கு அந்த மூன்று புத்தகங்களின் பயிற்சிக் கணக்குகள் உறுதியான அடித்தளம். பிறகு முந்தைய ஆண்டுத் தாள்கள். 2020 முதல் ஆண்டுக்கு மூன்று ஸ்லாட் (ஒரே நாளில் வெவ்வேறு வினாத்தாளோடு மூன்று வேளை) நடப்பதால், 2020-இலிருந்து 2024 வரை மட்டுமே 15 தாள்கள் இருக்கின்றன. அந்தப் பதினைந்தையும் ஒழுங்காகப் போட்டவரிடம் கேட் புதிதாகக் கேட்க அதிகம் இல்லை.

நான் மிகவும் நம்புவது மாதிரித் தேர்வு நோட்டை. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும், மதிப்பெண் பார்ப்பதற்கு முன்பே, அதில் நான்கு கட்டம் போட்டு எழுதுவேன்: எந்தக் கேள்வி, எத்தனை நிமிடம், ஏன் எடுத்தேன் அல்லது ஏன் விட்டேன், மறுபடி வந்தால் என்ன செய்வேன். ஏழாவது தேர்வின் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தர்க்கப் பிரிவில் ஐந்து தொகுப்புகள் (ஒரே தகவலை வைத்துக் கேட்கும் சில கேள்விகள் ஒரு தொகுப்பு). முதல் தொகுப்பு நான்கே வரி: ஆறு நண்பர்கள், வட்ட மேசை, யார் யாருக்கு எதிரில். சின்னதாக இருக்கிறதே என்று இறங்கினேன். பத்தொன்பது நிமிடம் போனது. ஒரு விடைதான் சரி. நான்காவது தொகுப்பில் அரைப் பக்கத்துக்கு ஓர் அட்டவணை; மருத்துவமனைகள், படுக்கைகள், நோயாளிகள். பார்த்ததும் பயந்து விட்டுவிட்டேன். மறுநாள் காலை அதைச் சமையலறை மேசையில் வைத்துப் போட்டபோது ஒன்பது நிமிடத்தில் நான்கு கேள்வியும் முடிந்தது. அட்டவணையில் எல்லாத் தகவலும் இருந்தது. கூட்டிக் கழிக்க வேண்டியது மட்டும்தான். நான்கு வரிப் புதிரிலோ தகவல் குறைவு. ஒவ்வொரு வாய்ப்பையும் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. 'நீளம் வேறு, கடினம் வேறு. முதல் நான்கு நிமிடம் பேனாவைத் தொடாமல் ஐந்தையும் படி' என்று சிவப்பு மையில் எழுதிவைத்தேன். எட்டாவது தேர்விலிருந்து அப்படியே செய்தேன். என் தர்க்க மதிப்பெண் இரண்டு மடங்கானது அதற்குப் பிறகுதான். இதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன்; சொல்லியிருப்பார்கள். பத்தொன்பது நிமிடத்தை இழந்த பிறகுதான் காதில் விழுந்தது.

தனியாகப் படிப்பதன் குறை, தவறான வழியில் போனால் பிடித்து நிறுத்த ஆள் இல்லாதது. அடுத்தது சலிப்பு. செப்டம்பர் மாதம் எல்லாருக்கும் ஒரு தொய்வு வரும். மதிப்பெண் ஏறாது; தெரிந்ததும் தவறாகும். எனக்கு அலுவலகத்தில் இன்னொரு பெண் அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தது பெரும் துணையாக இருந்தது. திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் இருவரும் நோட்டைத் திறந்துவைத்துப் பேசுவோம். அப்படி ஒருவர்கூடக் கிடைக்காதவர்கள், நேரம் தவறாமல் உட்காரும் பழக்கமும் இல்லாதவர்கள், தனியாகப் படிப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பணம் மிச்சமாகும், ஆண்டு போய்விடும்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு குறை

எந்த வழியில் போனாலும் ஆங்கில வாசிப்பை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. 24 கேள்விகளில் 16 கேள்விகள் நான்கு பத்திகளைப் படித்து விடையளிப்பவை. மெய்யியல், சூழலியல், மானிடவியல், கலை வரலாறு என்று எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். தமிழ்வழியில் படித்தவர்களும், ஆங்கிலவழியில் படித்தும் பாடப்புத்தகத்தைத் தாண்டி ஆங்கிலம் வாசிக்காதவர்களும் இங்கேதான் இடறுகிறோம். நானும் இடறியவள்தான். சொற்பட்டியலை மனப்பாடம் செய்து பார்த்தேன்; பலன் இல்லை. ஏயான் இதழ் போன்ற இணையதளங்களில் வரும் நீண்ட கட்டுரைகளில் நாளுக்கு இரண்டு என்று எட்டு மாதம் படித்தது பலன் தந்தது. ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும் 'இவர் யாருடைய கருத்தை மறுக்கிறார்?' என்ற ஒரே கேள்விக்குத் தமிழில் இரண்டு வரி எழுதுவேன். தமிழில் எழுதியது வேண்டுமென்றே செய்தது. ஆங்கிலத்தில் எழுதினால் கட்டுரையின் சொற்களையே திருப்பிப் போட்டுப் புரிந்ததாக எண்ணிக்கொள்வேன். தமிழில் எழுதும்போது புரியாமல் ஒரு வரிகூட நகராது.

தமிழில் நீண்ட கட்டுரைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பிரிவு பிறரைவிடச் சீக்கிரம் பிடிபடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஒரு வாதத்தைத் தொடர்ந்து போகும் பொறுமை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மொழியைத்தான் கூட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் உள்ளவர்கள் ஆங்கிலத்துக்கு அஞ்சிக் கேட் வேண்டாம் என்று ஒதுங்கக் கூடாது.

வேலையை விடலாமா?

விட வேண்டாம் என்பது என் கருத்து. என் கணக்கைச் சொல்கிறேன். காலை ஐந்தரை முதல் ஏழு வரை ஒன்றரை மணி நேரம், இரவு ஒரு மணி நேரம். ஐந்து நாளுக்குப் பன்னிரண்டரை. சனி, ஞாயிறு தலா ஐந்து. வாரத்துக்கு இருபத்திரண்டரை மணி நேரம். ஜூன் தொடக்கத்திலிருந்து நவம்பர் வரை 24 வாரம் என்று வைத்தால் 540 மணி நேரம். அதற்கு மேல் இந்தத் தேர்வு கேட்பதில்லை. வேலையை விட்ட என் தோழி நாளுக்குப் பத்து மணி நேரம் என்று அட்டவணை போட்டாள். உண்மையில் நான்கு, ஐந்து மணி நேரம்தான் ஓடியது. நாள் முழுவதும் கையில் இருக்கும்போது காலை எட்டு மணி பத்தரை ஆகிறது. மாதம் முப்பதாயிரம் சம்பளம் என்றால் ஏழு மாதத்தில் 2.1 லட்சம் வராமல் போகிறது. பழைய ஐஐஎம்களில் இரண்டு ஆண்டுப் படிப்புக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும்போது, கையில் இருக்கும் சேமிப்பும் முக்கியம். பணத்தைவிட மோசம், ஒவ்வொரு மாதிரித் தேர்வும் அவளுக்குத் தீர்ப்பு நாளானது. மதிப்பெண் குறைந்த இரவுகளில் அவள் சாப்பிட மாட்டாள். அந்த ஆண்டு அவள் நினைத்தது நடக்கவில்லை. மறு ஆண்டு வேறொரு வேலையில் இருந்துகொண்டே எழுதி நல்ல கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள்.

இரவுப் பணி மாறி மாறி வருபவர்கள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலையில் கழிப்பவர்கள் நிலை வேறு. அவர்கள் முதலில் பணி நேரத்தை மாற்றக் கேட்டுப் பார்க்கலாம். ஈட்டிய விடுப்பு முழுவதையும் அக்டோபர், நவம்பருக்குச் சேர்த்து வைக்கலாம். நேர்காணலில் வேலை அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. இடைவெளிக்குக் காரணம் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பணம் கட்டும் முன்பு இன்னொன்றைப் பார்த்துவிட வேண்டும். ஐஐஎம்கள் கேட் மதிப்பெண்ணை மட்டும் வைத்து நேர்காணலுக்கு அழைப்பதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்க்கின்றன. எதற்கு எவ்வளவு எடை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவரவர் இணையதளத்தில் வெளியிடுகிறார்கள். பள்ளி மதிப்பெண் குறைந்தவர் சேர முடியாத கல்லூரியை மனதில் வைத்துக்கொண்டு ஓராண்டு ஓடக் கூடாது. பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்குச் சில ஐஐஎம்கள் கூடுதல் மதிப்பெண் தருகின்றன, பி.காம். படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஐஐஎம்களைத் தவிர, திருச்சி என்.ஐ.டி.யின் மேலாண்மைத் துறை போன்ற இடங்களுக்கும் கேட் மதிப்பெண் உதவும். ஜனவரி தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் எக்ஸ்.ஏ.டி. (XAT) என்ற இன்னொரு எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கும் இதே படிப்பு பெரும்பாலும் போதும். முடிவெடுத்தல், பொது அறிவு ஆகிய பிரிவுகளை மட்டும் தனியாகப் பழக வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர்ந்தால் போதும் என்று இருப்பவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதற்காகக் கேட் கோச்சிங் கட்டணத்தைக் கட்டுவது தேவையற்ற செலவு. முந்தைய தாள்களும் மூன்று மாதமும் போதும்.

தம்பி எடுத்த முடிவு

ஞாயிற்றுக்கிழமை அவனும் நானும் இரண்டு மணி நேரம் பேசினோம். அவனுக்குக் கணிதம் பத்தாம் வகுப்போடு நின்றிருந்தது. எனவே ஆசிரியர் தேவை. ஆனால் திருச்சிக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இரண்டு நாளுக்கு ஆறு மணி நேரம் பஸ்ஸில் போகும். அதே சாலையில்தான் சூரியூரில் திருச்சி ஐஐஎம் இருக்கிறது. 2011-இல் தொடங்கியது. கல்லூரி நாட்களில் பஸ் ஜன்னல் வழியாக அந்த வளாகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனுக்கு இந்த ஆசையே வந்தது. அந்த வாசலை வாரந்தோறும் கடந்து போவது உற்சாகமாக இருக்கும் என்று அவன் சொன்னபோது எனக்கும் மறுக்க மனம் வரவில்லை. ஆனாலும் அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு மாதிரித் தேர்வு எழுதி, அதை முழுவதும் அலசி முடித்துவிடலாம்.

கடைசியில் கணிதத்துக்கு மட்டும் பதிவு செய்த காணொளி வகுப்பு ஒன்றில் சேர்ந்தான். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பள்ளிப் புத்தகங்களும் அந்தக் காணொளிகளும். ஆகஸ்டிலிருந்து வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு, அக்டோபரில் வாரத்துக்கு இரண்டு. காலையில் ஓர் ஆங்கிலக் கட்டுரை, இரவில் ஒன்று. இரண்டு வரி தமிழில் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். சித்தப்பா நகையைத் திருப்பிவிட்டார்.

இப்போது ஆறு தேர்வு முடிந்திருக்கிறது. கணிதம் ஏறிவருகிறது. வாசிப்பில் இன்னும் தடுமாறுகிறான். போன வாரம் அனுப்பிய இரண்டு வரியில் கட்டுரையாளர் மறுக்கும் கருத்தையே அவருடைய கருத்து என்று எழுதியிருந்தான். அந்தக் கட்டுரையை மறுபடி படிக்கச் சொல்லியிருக்கிறேன். நவம்பரில் நுழைவுச்சீட்டு வந்தால்தான் எந்த ஸ்லாட் என்று தெரியும் என்பதால், ஒரு வாரம் காலை எட்டரைக்கும், ஒரு வாரம் பகல் பன்னிரண்டரைக்கும், ஒரு வாரம் மாலை நாலரைக்கும் மாற்றி மாற்றி எழுதுகிறான். நாளை மாலை நாலரை முறை. ஆறரைக்கு முடித்துவிட்டு, மதிப்பெண்ணைப் பார்க்காமல் நோட்டை எழுதிவிட்டு, எட்டு மணிக்கு அழைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.